‘பார்த்துக் கொடுங்க’ என்று இனிச் சொல்ல மாட்டோம்



கடந்த பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு மேடவாக்கம் பக்கமிருந்து எங்களுக்கு ஒரு போன் வந்தது. பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கத்துக்காரர் பேசினார். “பத்து பேர் வந்து ஒரு மணி நேரம் பறை அடிக்கணும் சார். நம்ம கலாச்சாரம், பிள்ளைங்க பார்க்கணும் இல்லையா?” பார்க்கட்டும், மகிழ்ச்சி என்றோம். கட்டணம் பற்றிக் கேட்டோம். அவர் குரல் கொஞ்சம் மாறியது. “காசெல்லாம் எதுக்கு சார்? மத்தியானம் சாப்பாடு இருக்கு. எல்லாருக்கும் வேட்டி, துண்டு தர்றோம். அப்புறம் கடைசியில பார்த்துச் செய்யறோம்.”

அதே விழாவுக்கு மெல்லிசைக் குழு ஒன்றும் வருகிறது. அவர்களுக்கு அட்வான்ஸ் போய்விட்டது. ஒலிபெருக்கிக்காரருக்குப் போய்விட்டது. பந்தல் போடுகிறவருக்கும் போய்விட்டது. பறைக்கு மட்டும் சோறு, துணி, ‘பார்த்துச் செய்யறோம்’.

எங்கள் தாத்தாக்கள் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஊர்களில் சாவுக்கு அடித்தபோது கிடைத்ததும் இந்த மூன்றும்தான். அவர்கள் தெருமுனையில் நின்று வாங்கினார்கள். எங்களை லிஃப்ட் வைத்த கட்டடத்துக்குள் கூப்பிட்டு அதையே தரப் பார்க்கிறார்கள்.

பறையில் தொடங்கினாலும் இந்தக் கட்டுரை பறையோடு நிற்காது. கீபோர்டு, கிட்டார், பாட்டு என எதுவானாலும், நம் சமூகத்திலிருந்து வந்து தனியாக இசை சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் தங்கள் கட்டணத்தை எப்படி வைக்க வேண்டும் என்று பேச விரும்புகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன்கூட்டிச் சொல்லாத, எழுதி வைக்காத கட்டணத்தில்தான் சாதி வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் கட்டணத்தை எழுதி வைப்பதைச் சாதி ஒழிப்பு வேலையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறோம். சலுகையையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

எங்கள் நோட்டுப் புத்தகம்

நாங்கள் ஐந்து பேர். இரண்டு பேர் பறை சொல்லிக் கொடுக்கிறோம். ஒருவர் கீபோர்டு, ஒருவர் கிட்டார், ஒருவர் பாட்டு. மேற்குத் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று வகுப்புகள். மூன்று பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கீபோர்டு டீச்சர் சர்ச்சில் வாசித்துக் கற்றவர். பறை ஆசிரியர்கள் வீட்டிலும் மேடையிலும் கற்றவர்கள். எங்களில் யாருக்கும் சபா பின்னணி கிடையாது. ‘இன்னாருடைய சிஷ்யர்’ என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளவும் வழியில்லை.

தொடங்கிய நாளில் பெற்றோர் “எவ்வளவு ஃபீஸ்?” என்று கேட்டால் எங்கள் வாயில் தானாக வந்த பதில், “பார்த்துக் கொடுங்க.” கேட்கக் கூச்சம். அதிகமாகக் கேட்டால் போய்விடுவார்களோ என்ற பயம். இதைவிட ஆழமாக ஒன்றும் இருந்தது: நம் வேலைக்கு விலை சொல்ல நமக்கு உரிமை இல்லை என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட உடம்பு.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கீபோர்டு டீச்சருக்கு அப்போது எட்டு மாணவர்கள். மாதம் நான்கு வகுப்பு, தலைக்கு 1,500 ரூபாய். காகிதத்தில் 12,000. ஆனால் பிள்ளைக்கு யூனிட் டெஸ்ட், உறவினர் கல்யாணம், மழை என்று ஒவ்வொருவரும் ஒரு வகுப்பை விட்டுவிட்டு அந்தப் பணத்தைக் கழித்துக் கொடுத்தால் 3,000 போய்விடும். டீச்சர் அந்த ஒரு மணி நேரத்தை வேறு யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. சில நாள் குரோம்பேட்டை வரை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு, மே மாதம் ஊர்ப் பயணம். இரண்டு மாதம் வருமானமே இல்லை. வீட்டு வாடகைக்குக் கோடை விடுமுறை கிடையாது. “நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்” என்ற பேச்சு எங்களில் பெண்களுக்கு மட்டும் கிடைத்தது. ஆண்களிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எங்களோடு ஆறாவதாக ஒரு தம்பி இருந்தான். வயது 23. ஒத்தையடியிலிருந்து சப்பரத்து அடி வரை எதைக் கேட்டாலும் அவன் கையில் நிற்கும். சிறு பிள்ளைகளுக்குச் சிண்டுக்குச்சியை எந்த விரலில் பிடிக்க வேண்டும், அடிக்குச்சியை எப்படி விட வேண்டும் என்று அவனைப் போலப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு வராது. மூன்று வீட்டில் மூன்று மாதப் பாக்கி. கேட்கத் தெரியவில்லை. ஒரு நாள் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டான். இப்போது பைக்கில் உணவு டெலிவரி செய்கிறான். ஏண்டா என்று கேட்டதற்கு அவன் சொன்னது: “அங்க ஒரு ஆர்டருக்கு எவ்வளவுன்னு போன்லயே காட்டுது அண்ணா.”

அந்த கம்பெனிகள் நல்லவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தொழிலாளியைச் சுரண்டும் ஒரு செயலிகூடச் செய்கிற காரியத்தை, அவன் கலையைக் கும்பிட்டவர்கள் செய்யவில்லை. ஒரு நல்ல ஆசிரியரை இழந்த பிறகுதான் கட்டண விதிகளை எழுத உட்கார்ந்தோம்.

ஒரே பணம், ஐந்து பெயர்

தமிழில் இந்தப் பணத்துக்கு எத்தனை பெயர் இருக்கிறது பாருங்கள். கச்சேரி வித்வானுக்குக் கொடுத்தால் சன்மானம். குருவுக்குக் கொடுத்தால் தட்சிணை. டீச்சருக்கு ஃபீஸ். கூத்துக் கலைஞருக்குக் கூலி. பறை அடிப்பவர் கையில் போடும்போது அதற்குப் பெயரே இல்லை, “ஏதோ போட்டுக் கொடு” என்பதோடு சரி. உழைப்பு ஒன்றுதான். பெற்றுக்கொள்பவர் யார் என்பதைப் பார்த்துச் சொல் மாறுகிறது.

‘வெட்டி’ என்ற சொல்லையும் எடுத்துக்கொள்வோம். வெட்டிப் பேச்சு, வெட்டி ஆபீசர் என்று சாதாரணமாகச் சொல்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கடமை யார் தலையில் விழுந்ததோ அவர்களுக்கு அதுவே பெயராகவும், பிறகு வசையாகவும் ஆனது. ஊதியம் கொடுக்காதவர்களுக்கு எந்த வசையும் ஒட்டவில்லை. உழைத்தவர்களுக்கு ஒட்டியது.

அண்ணல் அம்பேத்கர் இதே சிக்கலைத்தான் மகர் வத்தனில் பார்த்தார். மகாராஷ்டிரத்தில் மகர் மக்கள் ஊருக்கும் அரசு அதிகாரிகளுக்கும் வேலை செய்ய வேண்டும். எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று வரையறை கிடையாது. இரவு பகல் எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற வேறு யாராவது போக வேண்டும். பதிலுக்குத் துண்டு நிலம். ‘பலுதா’ என்ற பெயரில் ஊரார் பார்த்துக் கொடுக்கும் தானியம். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் கொண்டுவந்த மசோதா, வேலை எது என்பதை விதியாக வரையறுக்கவும், பலுதாவைப் பணமாக மாற்றவும் வழி கேட்டது. எதிர்ப்பு கடுமையாக இருந்ததால் 1929இல் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வத்தன் முறையை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சொந்தமாக நிலம், ஊரார் தரும் தானியம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வத்தன் ஒரு மரியாதைபோலக்கூடத் தெரியும். அது ஏன் அடிமை விலங்கு? வேலைக்கு எல்லை இல்லை, ஊதியத்துக்கு அளவு இல்லை என்பதால். கொடுப்பவர் மனம்தான் அளவுகோல் என்றால் வாங்குபவர் அந்த மனத்தைக் குளிர வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குனிய வேண்டும், சிரிக்க வேண்டும், நேரம் கெட்ட நேரத்தில் போக வேண்டும். ‘பார்த்துக் கொடுங்க’ என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் பலுதாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடித்து மிரட்டினால்தான் கட்டாயம் என்று இல்லை, பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் என்றது நீதிபதி பகவதியின் தீர்ப்பு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களிடம் கூலியில்லாத கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. கீபோர்டு வகுப்பின் பாக்கிக்கு இந்தச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அது எங்களுக்குத் தெரியும். அவற்றின் பின்னால் இருக்கும் எண்ணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறோம்: ‘அவராகத்தானே ஒத்துக்கொண்டார்’ என்பது எப்போதும் நல்ல வாதம் ஆகாது.

ஏகலைவனிடம் யாரும் முதலில் சொல்லவில்லை

“கலையை விற்கலாமா? அந்தக் காலத்தில் குரு காசு கேட்டாரா?” என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. சில நேரம் நம் தோழர்களே கேட்கிறார்கள்.

அந்தக் காலத்துக் குரு காசு கேட்கவில்லை, சரிதான். துரோணர் ஏகலைவனுக்குப் பிறப்பைக் காரணம் காட்டிச் சொல்லித் தர மறுத்தார். அவன் மண் பொம்மையை வைத்துத் தானே கற்றான். கற்று முடித்த பிறகு வந்து தட்சிணை என்று கேட்டார். என்ன தட்சிணை என்று அவனுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. வகுப்பே நடக்காத படிப்புக்குக் கட்டணம், அவன் வலதுகைக் கட்டைவிரல். முன்கூட்டி அறிவிக்காத கட்டணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

கட்டணத்தை முன்பே சொல்வது ஆசிரியரை மட்டும் காப்பதில்லை, மாணவரையும் காக்கிறது. “நான் உனக்குச் சும்மா சொல்லித் தர்றேன்” என்று தொடங்கும் பல உறவுகள், பிறகு வீட்டு வேலை வாங்குவதிலும், மேடைக்குக் கூட்டிப்போய்ப் பணம் தராமல் அனுப்புவதிலும், ‘நான் ஆளாக்கினவன்’ என்று காலமெல்லாம் சொல்லிக் காட்டுவதிலும் போய் முடிகின்றன. இலவசம் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அது எங்கும் எழுதப்பட்டிருக்காது, அவ்வளவுதான்.

விடுதலை அரசியலில் விலை போடுவது புதிதும் இல்லை. 1907 ஜூனில் ராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய இதழின் பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையைத் தலைப்பிலேயே வைத்தார். ஏழைக்கும் எட்டுகிற விலை. ஆனாலும் விலை. தானமாக வாங்க வேண்டியதில்லை, ஒரு பைசா கொடுத்து உரிமையோடு வாங்கிப் படிக்கலாம். இலவசத்துக்கும் எட்டாத விலைக்கும் நடுவே அவர் காட்டிய வழியை நாங்கள் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இயக்க நிகழ்ச்சிகளைப் பற்றியும் மனம் விட்டுப் பேச வேண்டும். பறைக்கு இன்று மரியாதை கூடியிருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்களின் கையில் பறையைக் கொடுத்து மேடை ஏற்றியது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கல்லூரி விழா, புத்தக வெளியீடு, போராட்டம் எதுவும் பறை இல்லாமல் தொடங்குவதில்லை. மகிழ்ச்சிதான். ஆனால் அழைப்பு எப்படி வருகிறது? “தோழர், நம்ம நிகழ்ச்சிதான், வந்துருங்க.” அரங்க வாடகை கொடுக்கிறோம், பிளெக்ஸ் அச்சடிக்கப் பணம் கொடுக்கிறோம், பேச்சாளருக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறோம். பறைக் குழு மட்டும் பல்லாவரத்திலிருந்து தங்கள் காசில் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து, வெயிலில் தோலைக் காய்ச்சி, அரை மணி நேரம் ஆடி அடித்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போகிறது. அடுக்குமாடிச் சங்கத்துக்காரர் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் ‘கலாச்சாரம்’ என்றார், நாம் ‘தோழமை’ என்கிறோம்.

எங்கள் விதிகள்

இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருப்பதும், சேரும் நாளில் எல்லோர் கையிலும் கொடுப்பதும் இதுதான். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றியும் கொள்ளலாம்.

1. கட்டணம் மாதத்துக்கு, முன்பணமாக, 5ஆம் தேதிக்குள். நான்கு வகுப்புகள். நீங்கள் கட்டுவது அந்த நாளில் அந்த நேரத்தை உங்களுக்காக ஒதுக்கி வைப்பதற்கு. ஐந்தாவது வாரம் வந்தால் அன்று எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் நாள், தனிக் கட்டணம் இல்லை.

2. வர முடியாவிட்டால் முதல் நாள் மாலைக்குள் சொன்னால், மாதம் ஒரு காம்பன்சேஷன் கிளாஸ் உண்டு. சொல்லாமல் விட்டால் இல்லை. ஆசிரியர் வரவில்லை என்றால் அந்த வகுப்பைக் கட்டாயம் நடத்துவோம், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருவோம். விதி எங்களுக்கும் சேர்த்துத்தான்.

3. தேர்வு மாதத்திலும் மே மாதத்திலும் வராதவர்கள் பாதிக் கட்டணம் கட்டினால் அவர்கள் நேரம் அப்படியே இருக்கும். கட்டாவிட்டால் அந்த நேரம் காத்திருப்பவருக்குப் போகும்.

4. நிற்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும். நாங்கள் வகுப்பை நிறுத்துவதாக இருந்தாலும் அதேபோல்தான்.

5. கருவி, புத்தகம் எல்லாம் தனி. எங்கே வாங்கினால் மலிவு என்று சொல்வோம், கமிஷன் வாங்க மாட்டோம். டிரினிட்டி கிரேடுத் தேர்வு எழுதுபவர்கள் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே நேரடியாகக் கட்டிக்கொள்ளலாம்.

6. நிகழ்ச்சிக்கு ஆள் கணக்கில் கட்டணம். பயணமும் சாப்பாடும் தனி. பாதி முன்பணம், மீதி மேடையிலிருந்து இறங்கியதும். மாணவர்கள் வாசித்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு.

7. சாதி வழக்கப்படி கூப்பிடும் சாவுக்கு எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் வர மாட்டோம். மறுக்கும் உரிமை இல்லாமல் விலை மட்டும் இருந்தால் அது விடுதலை ஆகாது. தோழர்களின் இறுதி வணக்கத்துக்குக் கேட்காமலேயே வருவோம்.

8. இயக்க நிகழ்ச்சிகளில் வருடத்துக்கு மூன்று இலவசம். எவை என்று நாங்கள் முடிவு செய்வோம். மற்றவற்றுக்குப் பாதிக் கட்டணம்.

நாங்கள் செய்த தவறு

ஒன்பதாவது விதி சலுகை பற்றியது. அதை எழுத எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குள் ஒரு பிள்ளையை இழந்தோம்.

முதலில் கட்டண விதிகளைக் கறாராக நடைமுறைப்படுத்தினோம். கட்டியவர் பெயருக்கு நேரே டிக், கட்டாதவர் பெயருக்கு நேரே ‘பாக்கி’ என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போட்டோம். வெளிப்படைத்தன்மை என்று நினைத்தோம். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஒரு பையன் பறை கற்க வந்துகொண்டிருந்தான். நகரத்துக்குள் இருந்த வீட்டை இடித்து அங்கே குடியேற்றிய குடும்பம். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். அந்தப் பட்டியல் வந்த மறு வாரம் பையன் வரவில்லை. தேடிப் போனோம். அம்மா உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். பிறகு சொன்னார்: “நாலு பேர் பாக்குற மாதிரி கடன்காரின்னு போட்டுட்டீங்களே மாஸ்டர்.” எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டோம். பையன் திரும்பி வரவில்லை.

யாரால் எங்களுக்கு நஷ்டமோ அவர்களுக்காக எழுதிய விதி, எங்கள் மக்கள் மீதே போய் விழுந்தது. சொல்லாமல் வகுப்பை விடுகிற ஐடி குடும்பமும், முதலாளியம்மா திடீரென்று இருக்கச் சொன்னதால் பிள்ளையைக் கூட்டிவர முடியாத தாயும் ஒன்றா? எல்லோருக்கும் ஒரே விதி என்பது கேட்க நன்றாக இருக்கும். ஏற்றத்தாழ்வான சமூகத்தில் அதுவே அநீதியாகவும் முடியும். இதை மற்றவர்களுக்கு மேடை போட்டுச் சொல்கிற நாங்கள் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் மறந்துவிட்டோம்.

அதன் பிறகு எழுதிய ஒன்பதாவது விதி இது. பத்து இடத்தில் ஐந்து முழுக் கட்டணம், இரண்டு பாதி, மூன்று கட்டணமில்லாதவை. சேரும்போது எது வேண்டும் என்று குடும்பமே ஒரு சீட்டில் டிக் அடித்துக் கொடுக்கலாம். வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டோம், சாதி என்னவென்று கேட்கவே மாட்டோம். யார் எதில் இருக்கிறார்கள் என்பது கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் தெரியும். சொல்லித் தரும் ஆசிரியருக்குக்கூடத் தெரியாது. மாதக் கடைசியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ரசீது, ‘கணக்கு நேர்’ என்று. தினக்கூலி, ஷிப்ட் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ‘முதல் நாள் சொல்ல வேண்டும்’ என்ற விதி இல்லை. கட்டணமில்லாத இடத்தில் இருக்கும் பிள்ளையிடம் பாய் விரி, கருவியைத் தூக்கு என்று தனியாக எந்த வேலையும் சொல்லக் கூடாது.

பொய் சொல்லிச் சலுகை வாங்கிவிட மாட்டார்களா என்று கேட்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் வாங்கலாம். அதைத் தடுக்க எல்லோரையும் சான்றிதழோடு வரிசையில் நிறுத்தினால் அந்த அம்மாவைத் திரும்பவும் அவமானப்படுத்துகிறோம். ஒன்றிரண்டு பொய்யின் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள முடிவு செய்தோம். முழுக் கட்டணத்தைக் கணக்கிடும்போதே அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறோம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு எழுதி வைத்த சலுகையின் அருமை தெரிந்திருக்கும். 2012இல் வந்த அரசாணை எண் 92 இருப்பதால்தான் சுயநிதிக் கல்லூரி அலுவலகத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் “எனக்குக் கட்டண விலக்கு உண்டு” என்று நின்று பேச முடிகிறது. இல்லாவிட்டால் தாளாளரின் கருணைக்குக் காத்திருக்க வேண்டும். அரசாணை இருந்தும் அலைய விடுகிறார்கள், அது வேறு போராட்டம். ஆனால் போராட ஒரு காகிதம் கையில் இருக்கிறது. நம் தாம்பரத்தையே பாருங்கள். மாநகராட்சியாகி நடந்த முதல் தேர்தலில், 2022இல், ஒரு தலித் பெண் மேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ‘பார்த்துக் கொடுக்கட்டும்’ என்று விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

விதிகளை ஒட்டியதும் இரண்டு குடும்பங்கள் நின்றுவிட்டன. “முன்னாடி நல்லாப் பழகினீங்க, இப்ப கமர்ஷியல் ஆயிட்டீங்க” என்று ஒருவர் மெசேஜ் போட்டார். அவர் அனுபவித்த அந்த ‘நல்ல பழக்கம்’ மூன்று மாதப் பாக்கியின் மேல் நின்றது என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தோம். மற்றவர்கள் சாதாரணமாக 5ஆம் தேதிக்குள் ஜிபேயில் அனுப்பிவிடுகிறார்கள். கேட்டால் போய்விடுவார்கள் என்று இத்தனை வருடம் பயந்தது பெரும்பாலும் எங்கள் பயம்தான். கீபோர்டு டீச்சர் இந்த மே மாதம் முதல் முறையாகக் கடன் வாங்காமல் வாடகை கொடுத்தார்.

இனி உங்கள் பங்கு. நீங்கள் டியூஷன் எடுக்கலாம், டிசைன் செய்து தரலாம், வீடியோ எடிட் செய்யலாம், பறை அடிக்கலாம். அடுத்த முறை “எவ்வளவு?” என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லுங்கள். முதலில் நாக்கு தடுமாறும். சொல்லிப் பழகுங்கள். ஒரு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவராக இருந்தால், பட்ஜெட் போடும் காகிதத்தில் பறைக் குழுவின் கட்டணத்தை அரங்க வாடகைக்கு மேலே எழுதுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். உண்மையிலேயே பணம் இல்லையென்றால், இல்லை என்று முன்பே சொல்லுங்கள். வருவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். ‘பார்த்துச் செய்யறோம்’ மட்டும் வேண்டாம்.

மேடவாக்கம் சங்கத்துக்காரருக்கு எங்கள் ஆறாவது விதியை அப்படியே அனுப்பினோம். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. பொங்கலன்று நாங்கள் பெரும்பாக்கத்தில் அடித்தோம். அது வருடத்துக்கு மூன்று இலவச நிகழ்ச்சிகளில் ஒன்று, எங்கள் பட்டியலில் எழுதி வைத்தது. அந்தப் பையன் நான்காவது மாடி வராண்டாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கீழே வரவில்லை. ஆனால் கம்பியில் அவன் விரல்கள் ஒத்தையடியைச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தன. அவனுக்கான இடம் இன்னும் எங்கள் பட்டியலில் இருக்கிறது.

ஜெய்பீம்.